மூன்று நரம்புச் சிறகு

விளக்கைச் சுற்றிச் சிறகுகள் கிடந்தன. முப்பது இருக்கும், நாற்பதும் இருக்கலாம். உடம்பு ஒன்றுகூட இல்லை.

பவளமக்கா வீட்டில், அத்தான் இறந்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை அது. அத்தான் கண்மூடிய கட்டிலின் தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கும் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அந்த விளக்கு அணையக் கூடாது. அதுவரை அந்த அறையில் ஒரு பொருளையும் இடம் மாற்றுவதில்லை. ஆணி அடிப்பதில்லை. உளி, சுத்தியல் தொடுவதில்லை.

சிறகுகள் எல்லாம் ஒரே அளவு, வெங்காயத் தோல் போல மெல்லியவை. நான் உள்ளே போன காற்றுக்கே எழும்பி ஓர் அடி நகர்ந்து மறுபடி படுத்தன.

"நேத்தும் இப்பிடித்தான் கிடந்தது. முந்தநாளும்" என்றார் அக்கா. "கூட்டி அள்ளிப் போட்டனான். விடிய எழும்பினால் திரும்பக் கிடக்கு."

"உடம்பு எங்க?"

"உடம்பு இல்லை. செட்டை மட்டும்தான். வாசலில செருப்பைக் கழட்டுற மாதிரிக் கழட்டி வைச்சிட்டு அவர் உள்ளுக்கு வாறார்."

அழாமல் சொன்னார். கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரல். எனக்கு முதுகு சில்லிட்டது. அதை மறைக்கத்தான் நான் உடனே பெரிய மனுசியாகக் கதைக்கத் தொடங்கினேன்.

"உது மழைப்பூச்சி அக்கா, ஈசல். நிலத்துக்குள்ள இருந்து வெளிக்கிட்டு வெளிச்சத்துக்கு வாறது. செட்டை கழண்ட பிறகு உடம்பைப் பல்லி திண்டிடும். பயப்பிடாதேங்கோ."

"நான் எங்க பயப்பிட்டனான்?" என்றார் அக்கா.

வெளியே கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒன்றரை மாதம். மழையே இல்லாமல் மழைப்பூச்சி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழக்கதோசத்தில் ஒரு சிறகை எடுத்து என் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்தேன். அவ்வளவுதான்.

பூச்சி பார்க்கிற உத்தியோகம்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில், தானியத்திலும் பலகையிலும் என்ன பூச்சி ஏறி வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பெண் பார்க்கப் போவார்கள், நாள் பார்ப்பார்கள், நீ பூச்சி பார்க்கிறாய் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பவளமக்கா என் பெரியம்மாவின் மகள். உவர்மலைச் சரிவில், துறைமுகத்துத் தண்ணீர் துண்டு துண்டாகத் தெரிகிற ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தார். இதை எழுதுமுன் அக்காவின் மகளிடம் கேட்டேன். "அம்மா இருக்கேக்க எழுதாமல் விட்டது நல்லம் சித்தி. இனி எழுதுங்கோ" என்றாள்.

கப்பலின் அடித்தட்டில் பூச்சி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். கால் ஓரிடம், தலை ஓரிடம் என்று அரைபட்டுப் போயிருக்கும். சிறகு ஒன்று அகப்பட்டால் போதும். ஒருவருக்குக் கைரேகை எப்படியோ, பூச்சிக்குச் சிறகின் நரம்பு அப்படி. எது எங்கே பிரிகிறது, எது எதோடு சேருகிறது, எது ஓரம்வரை போகாமல் நடுவழியில் நிற்கிறது என்று பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

நரம்பு என்கிறோம், உண்மையில் அது குழாய். சிறகு என்பது ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு தோல். அவற்றுக்கு நடுவே குழாய்கள் ஓடுகின்றன. கூட்டை விட்டு அப்போதுதான் வந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகு, துவைத்துப் பிழிந்த சேலை மாதிரி கசங்கித் தொங்கும். குழாய்க்குள் இரத்தம் ஏற ஏற அது விரியும், பிறகு காய்ந்து இறுகும். விரிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் இடம் போதாமல் போனால் ஆயுள் முழுக்கக் கசங்கின சிறகுதான். இதை முதன்முதலில் படித்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செத்தது மூடியது

நரம்பு பழகிவிடும். எனக்கு இன்றுவரை பழகாதது மடிப்பு.

வால் நுனியில் இடுக்கி வைத்திருக்கிற ஒரு பூச்சி உண்டு. ஈரப் பலகைக்குக் கீழே, வாழைக்குலைக்குள் எல்லாம் ஒளிந்திருக்கும். முதுகில் நகத்துண்டு அளவில் இரண்டு மூடிகள். சிறகே இல்லாத பூச்சி என்றுதான் நினைப்போம். ஊசியால் மெல்லக் கிளப்பினால், அந்த மூடிக்குள்ளிருந்து விசிறி போல ஒரு சிறகு வந்துகொண்டே இருக்கும். முதலில் நீளவாக்கில் மடிந்து, பிறகு குறுக்கே மடிந்து, அதன்மேல் இன்னொரு தரம் மடிந்து கிடப்பது. முழுக்க விரித்தால் பூச்சியையே போர்த்திவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஈரப் பஞ்சில் வைத்திருந்த ஒரு செத்த பூச்சியின் சிறகை இப்படி விரித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் சிறகு மூடியிருந்தது. எங்கள் அலுவலக உதவியாளர் கிண்ணியாவைச் சேர்ந்த நசீர் நானா. அவர்தான் தொட்டிருப்பார் என்று முகத்தை நீட்டினேன்.

"நான் உந்தப் பக்கமே வரயில்லை மிஸ்" என்றார்.

மறுபடி விரித்தேன். அவரும் குனிந்து பார்த்தார். ஊசியை எடுத்த கையோடு, எங்கள் கண்முன்னே, சிறகு தன் கோடுகளில் ஒவ்வொன்றாக மடிந்து உள்ளே போனது.

"இது செத்ததுதானே மிஸ்?"

"ஓம். செத்து ரெண்டு நாள்."

"அப்ப ஆர் மூடினது?"

யாரும் மூடவில்லை. மடிப்புக் கோடுகளில் றப்பர் போல ஒரு பொருள் இருக்கிறது. விரித்து விட்டால் தானே சுருங்கி மூடிக்கொள்ளும். அதற்குச் சதையும் வேண்டாம், உயிரும் வேண்டாம். இதை நான் பின்னர் படித்து நசீர் நானாவுக்கு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். அதன் பிறகு நான் ஊசி எடுக்கிற நேரமெல்லாம் அவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

ஈசலின் சிறகில் இந்த வித்தை எல்லாம் இல்லை. மடித்து வைக்க அதற்குத் தேவை இல்லை. ஒரே ஒரு நாள் பறக்கிற சீவன். சிறகின் அடியில் குறுக்கே ஒரு கோடு பிறக்கும்போதே போட்டிருக்கும். பறந்து முடிந்ததும் அந்தக் கோட்டில் சிறகு உடைந்து விழும். கிழிவதில்லை, சொல்லி வைத்தது போல் உடைகிறது. அக்காவின் அறையில் கிடந்தவை எல்லாம் ஒரே அளவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஜாம் போத்தல்

இரண்டாம் முறை போனது இருபதாம் நாள் அளவில். அக்காவின் மகள் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வவுனியா திரும்பியிருந்தாள். அக்கா தனியே இருந்தார். அத்தானின் கட்டிலிலேயே படுத்தார். அதில் படுக்க வேண்டாம் என்று சொன்னவர்களின் பேச்சை அவர் கேட்கவில்லையாம்.

என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வந்து மடியில் வைத்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணிறத் துகள்.

"கட்டிலில இருந்து ஒவ்வொரு நாளும் விடிய எடுக்கிறது. தலையணையிலதான் கனக்க."

"என்னக்கா இது?"

"அவற்ற மணல்" என்றார்.

அத்தானுக்குப் புல்மோட்டையில் மணல் வேலை. அந்தக் கடற்கரையில் இரும்பு கலந்து கறுத்துக் கிடக்கிற மணலை அள்ளி, கழுவி, பிரித்தெடுக்கிற வேலை. கிழமை நாட்களில் அங்கே தங்கி, வெள்ளி பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். அவர் வருமுன் மணல் வரும் என்று அக்கா சொல்வார். சேட்டுப் பையில், காற்சட்டை மடிப்பில், காதுக் குழியில் மணல். கட்டிலில் மணல் கிடக்கிறது என்று முப்பது வருடம் இருவரும் சண்டை பிடித்தார்கள். கலியாண வீடுகளில் இந்தச் சண்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

போத்தலைக் கையில் வாங்கினேன். இதே துகளை ஒரு கப்பலின் பலகைக்குக் கீழே கண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். செத்த வீட்டில், அக்காவின் கையால் வாங்கியபோது எனக்கும் அது மணலாகவே தெரிந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், நான் நம்பினேன். பின்னேர வெளிச்சம் போகுமுன் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்பதுதான் அன்று என் ஒரே யோசனை. ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டா, மூன்றா

அதற்கு நாலைந்து நாள் கழித்து, ஒரு கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வந்த பலகைகளைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். புத்தகத்தைப் புரட்டும்போது அக்கா வீட்டுச் சிறகு வெளியே விழுந்தது. சும்மா கிடக்கிறதே என்று கண்ணாடித் தகட்டில் வைத்து உருப்பெருக்கியின் கீழே தள்ளினேன்.

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தான். அதன் சிறகில் பார்க்க வேண்டியது முன் ஓரம். நிலத்துக்குள் புற்றுக் கட்டி வாழ்கிற கறையானுக்கு அந்த ஓரத்தில் தடித்த நரம்பு இரண்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் மயிரிழை. காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று வாழ்கிற சாதி ஒன்று உண்டு. அதற்கு மண்ணும் வேண்டாம், மழையும் வேண்டாம். அதன் சிறகில் தடித்த நரம்பு மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். நடுவில் ஏணிப்படி போலச் சின்னச் சின்னக் குறுக்கு நரம்புகளும் ஓடும்.

ஒன்று, இரண்டு, மூன்று.

கண்ணை எடுத்து, துடைத்து, மறுபடி எண்ணினேன். மூன்று. ஏணிப்படியும் தெளிவாகத் தெரிந்தது.

அவை வெளியிலிருந்து விளக்குக்கு வரவே இல்லை. அந்த அறைக்குள்ளேயே இருந்தன. பொழுதுபடக் கூட்டை விட்டு விளக்கடிக்கு இறங்கி, சிறகை உதிர்த்துவிட்டு, மறுபடி ஏதாவது மரவெடிப்புக்குள் போய்விட்டன. போத்தலில் இருந்தது அவை மரத்தைத் தின்று கழித்துத் துளை வழியாக வெளியே தள்ளியது. அது தலையணையில் விழுகிறது என்றால் துளை தலையணைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அங்கே இருப்பது தீராந்தி. சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே போய் அந்தப் பழைய ஓட்டுக் கூரை முழுவதையும் தாங்குகிற மரம்.

ஒன்பதாம் நாள் காலையில் இந்தச் சிறகை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும். கப்பலில் வருகிற பூச்சியைத்தான் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும், சொந்தக்காரர் வீட்டுப் பூச்சிக்கு வெறுங்கண் போதும் என்று நினைத்த என் திமிருக்கு அக்கா பதினாறு நாள் அதன் கீழே படுத்திருக்கிறார்.

ஓடாவி வாசலில் நின்றார்

அன்றே மூன்று மணிக்கு, தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் ஓடாவி என்போம். தங்கராசா ஓடாவி அறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். துடக்கு, அதாவது தீட்டு, கழியாத வீட்டு அறைக்குள் கேட்காமல் கால் வைக்க அவருக்கு மனமில்லை.

"வெளியில வடிவாத்தான் கிடக்கு. உதுகள் அப்பிடித்தான், தோலை விட்டிட்டு உள்ளுக்குள்ள திண்டிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உதுக்குக் கீழ ஆரும் படுக்கக் கூடாது."

அக்கா குசினிப் பக்கத்திலிருந்து வந்தார். ஓடாவியின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"அந்தியேட்டி முடியாமல் இந்த வீட்டில உளி வைக்க ஏலாது."

"உளி வைக்க வேண்டாம் அக்கா. கட்டிலை மட்டும் கூடத்துக்கு எடுப்பம்."

"கட்டிலும் அசையாது."

"தீராந்தியைக் கறையான் திண்டிட்டுது அக்கா."

"ஈசல் எண்டு சொன்னனீ. நிலத்தில இருந்து வாறது, பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னனீ. இப்ப மரத்தில எண்டுறாய். நாளைக்கு என்ன சொல்லுவாய்?"

ஓடாவி தரையைப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மெல்லப் படி இறங்கிப் போனார். அக்கா அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டில்

கட்டில் விளிம்பில் இருந்து, சிறகு இருந்த குறிப்புப் புத்தகத்தையும் ஒரு பூதக்கண்ணாடியையும் நீட்டினேன்.

"நான் சொன்னது பிழை அக்கா. பாராமல் சொன்னனான். செட்டையின்ர முன் ஓரத்துத் தடிச்ச நரம்பை நீங்களே எண்ணிப் பாருங்கோ."

அக்கா திரும்பி, கண்ணாடியைக் கண்ணோடு வைத்துப் பார்த்தார். "மூண்டு" என்றார்.

"மூண்டு எண்டால் மரத்துக்குள்ள இருக்கிறது."

"ம்."

"அந்தப் போத்தலில கிடக்கிறது..." கண்ணாடியைத் திருப்பி வாங்கினேன். "அது அத்தான்ர மணல் இல்லை. அதுகளின்ர பீ, அக்கா."

"தெரியும்" என்றார் அக்கா.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"முதல் நாளே காந்தத்தைக் கிட்டப் பிடிச்சனான். அவற்ற மணல் எண்டால் மயிர்க்கொட்டிப் புழு மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். இது கிடந்த இடத்திலயே கிடந்தது. முப்பது வருசம் அந்த மணலைக் கூட்டினவள் நான். எனக்கு மணல் தெரியாதே?"

"அப்ப ஏன் அவர் வாறார் எண்டு சொன்னனீங்கள்?"

"அப்பிடிச் சொன்னால்தான் ஒருத்தரும் என்னை இஞ்சையிருந்து எழுப்பமாட்டினம். பாவம், பவளத்துக்கு மனம் பேதலிச்சுப் போச்சு எண்டு விட்டிடுவினம். நீயும் விட்டிட்டுப் போனனீதானே?"

"மரம் விழும் எண்டு தெரிஞ்சுகொண்டோ படுத்தனீங்கள்?"

அக்கா அண்ணாந்து தீராந்தியைப் பார்த்தார். "ஓம்" என்றார். "எப்ப எண்டுதான் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயம் வந்தது. சிறகைப் பார்த்து, துகளைப் பார்த்து, அக்காவின் முகத்தை ஒருமுறையும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து அவருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன்.

"என்ன செய்யிறாய்?"

"நானும் படுக்கிறன். விழுந்தால் ரெண்டு பேருக்கும் மேல விழட்டும்."

"விசரி" என்றார்.

அப்படியே கிடந்தோம். வெளியே காற்று ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் மேலே ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். கொஞ்சம் நின்று மறுபடி டக், டக், டக். விரல் நகத்தால் பலகையில் தட்டுவது போல இருந்தது.

"கேக்குதோ?" என்று அக்கா கேட்டார். இந்தக் குரல் வேறு.

"ஓம்."

"தேத்தண்ணி வேணுமெண்டால் அவர் வாய் திறந்து கேக்கிறேல்லை. இந்தக் கட்டில் சட்டத்தில விரலால தட்டுவார். இப்பிடித்தான்."

என் கையில் மயிர் எல்லாம் எழுந்து நின்றது. அதே நேரம் ஏதோ பொலபொலவென்று என் கன்னத்தில் விழுந்தது. உதட்டிலும் விழுந்தது. நான் அசையவில்லை.

அக்கா எழும்பி இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தார், பிறகு வாயைத் துடைத்தார்.

"எழும்பு."

"நீங்கள் வந்தால் எழும்புறன்."

"எழும்படி. உனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு." என் மேற்கையைப் பிடித்து இழுத்தார். அவ்வளவு பலம் அவரிடம் இருந்ததை நான் அதற்கு முன் அறியவில்லை. விளக்கை மட்டும் அதன் இடத்தில் விட்டுவிட்டு, பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஓடாவி தீராந்தியில் உளியை வைத்தார். தட்ட வேண்டியிருக்கவில்லை, பிடிவரை உள்ளே போனது. "இது பத்து வருசமும் நிண்டிருக்கும், அண்டைக்கே விழுந்தும் இருக்கும். ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார். அக்கா அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். பேரப்பிள்ளைகளோடு சண்டை பிடித்துக்கொண்டு, எனக்குக் கோபம் வருகிற கேள்விகளைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

கட்டிலை விட்டு வந்த அன்று பின்னேரம், கூடத்தில் பாயை விரித்த பிறகும் அப்படி ஒரு கேள்வி கேட்டார்.

"செட்டையும் மணலும் பூச்சியின்ர வேலை. அது எனக்கு விளங்கினது. அந்தத் தட்டுற சத்தம்? அதுவும் உதுகள்தானோ? அது ஒண்டை மட்டும் எனக்குக் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு."

மரத்துக்குள் காவல் நிற்கிற கறையானுக்குத் தலை பெரியது, கடினமானது. அதிர்வு கண்டால் மற்றவற்றுக்குச் சொல்ல, தலையை மரத்தில் இடிக்கும். நாங்கள் கட்டிலை அசைத்தோம், அவை இடித்தன. இது எனக்கு நன்றாகத் தெரியும். பூச்சியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் வாய் மூடாதவள் நான்.

"தெரியாதக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தார். தேநீரை மூன்று கோப்பையில் ஊற்றினார். ஒன்றை என்னிடம் தந்தார், ஒன்றைத் தனக்கு வைத்தார், மற்றதைக் கொண்டுபோய் விளக்கடியில் வைத்துவிட்டு வந்தார்.